ஐந்து பேரின் கடன்

அன்புள்ள அம்மா,

நான் புதுச்சேரி லாஸ்பேட்டையில் வசிக்கிறேன். வங்கியில் வேலை. மகளுக்கு ஆறு வயது. சென்ற வாரம் பள்ளி வேன் வந்து நிற்கும் நேரத்தில் அவள் ஷூ போடமாட்டேன் என்று அடம்பிடிக்க, முதுகில் அடித்துவிட்டேன். அழுதுகொண்டே போனாள். மாலைக்குள் அவள் மறந்துவிட்டாள். எனக்குத்தான் இன்றுவரை சரியான தூக்கமில்லை. வாட்ஸ்அப் குழுவில் மற்ற அம்மாக்கள் போடும் படங்களைப் பார்க்கும்போது நான் மட்டும் தோற்றுக்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது. பெற்றோர் கூட்டத்தில் பேசிய ஒருவர் ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே’ என்ற வரியைச் சொல்லி, குழந்தையின் எதிர்காலம் தாயின் கையில்தான் இருக்கிறது என்றார். நான் வேலையை விட்டுவிடலாமா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தைய நாள், என் அக்கா மகள் தன் கைக்குழந்தைக்குச் சளி பிடித்ததற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். குழந்தைக்குச் சளி பிடித்தால் பெற்றவள் ஏன் மன்னிப்புக் கேட்கிறாள் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் இதைப் படித்தேன்.

அடித்தது தவறு, அதை மழுப்பமாட்டேன். மகளிடம் ஒருமுறை அப்படிச் சொல்லிவிடுங்கள். பத்துமுறை சொல்லாதீர்கள், பிறகு உங்களைத் தேற்றுகிற வேலையும் அந்தக் குழந்தையின் தலையில் விழும். வாட்ஸ்அப் படங்களைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, பிள்ளையை அடிக்கும்போது யாரும் படம் எடுப்பதில்லை. தூக்கமின்மையும் சோர்வும் இரண்டு வாரத்தைத் தாண்டினால் எனக்கு எழுதிக்கொண்டிராமல், உங்கள் ஊரிலேயே இருக்கும் ஜிப்மருக்குச் சென்று மனநல மருத்துவரைப் பாருங்கள்.

எனக்குக் கோபம் அந்தப் பேச்சாளர்மீதுதான். பொன்முடியாரின் அந்தப் பாடல் புறநானூற்றில் 312ஆவது. பேச்சாளர் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டார். அடுத்த வரி ‘சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே’. அதற்கடுத்து வேல் வடித்துக் கொடுக்கும் கொல்லன், நன்னடை தரும் வேந்தன், கடைசியாகப் போரில் களிறெறிந்து, அதாவது யானையை வீழ்த்தி, மீள வேண்டிய அந்தப் பிள்ளை. ஆறு வரிகளில் ஐந்து பேருக்குக் கடன் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. பிரித்துக் கொடுப்பவளே தாய்தான். போருக்குப் பிள்ளையை அனுப்பும் அந்த உலகம் நமக்கு வேண்டாம், ஆனால் தன் பங்கு ஒன்று, மற்றவை மற்றவர்களுடையவை என்று எந்தக் குற்றவுணர்வும் இல்லாமல் சொல்கிற அந்தக் குரல் நமக்கு வேண்டும். உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் கவனித்தேன்: அதில் உங்கள் கணவரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. வேன் வந்து நின்றபோது அவர் எங்கே இருந்தார்? இதை நீங்கள் மறைக்கவில்லை, எழுதத் தோன்றவே இல்லை என்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

குழந்தை மருத்துவர் வின்னிகாட் சொன்ன ‘போதுமான அளவு நல்ல தாய்’ என்ற கருத்தை இப்போது பலரும் ஆறுதலாக எடுத்துச் சொல்கிறார்கள். குழந்தை வளர வளர, தாய் அதன் ஒவ்வொரு தேவைக்கும் உடனே ஓடிவருவது குறைய வேண்டும், அந்தச் சின்னச்சின்ன ஏமாற்றங்களைத் தாங்கித்தான் அது உலகத்தைப் பழகும் என்பது சரியே. ஆனால் நாம் அதைச் சொல்லும் விதத்தில் அந்த அறையில் தாயும் பிள்ளையும் மட்டுமே இருக்கிறார்கள்.

2011 டிசம்பர் 30 அன்று விடியற்காலையில் தானே புயல் கரையைக் கடந்தபோது நாங்கள் கடலூரில் மஞ்சக்குப்பத்தில் குடியிருந்தோம். என் மகனுக்கு ஐந்து வயது. மரங்கள் விழுந்து, கம்பங்கள் சாய்ந்து, எங்கள் தெருவுக்கு மின்சாரம் வர இரண்டு வாரத்துக்கு மேலாயிற்று. மோட்டார் ஓடாததால் தெருவே ஒரு அடிபம்பை நம்பியிருந்தது. யார் வீட்டில் உலை கொதிக்கிறதோ அங்கே பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்தார்கள். நான்காம் நாள், தண்ணீருக்கு வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பினால் மகனைக் காணவில்லை. விழுந்துகிடந்த மின்கம்பிகளை நினைத்து அலறியபடி ஓடினேன். அவன் எதிர்வீட்டு ஆயாவின் திண்ணையில் கருவாட்டுக் குழம்பும் சோறும் தின்றுகொண்டிருந்தான். “நானெல்லாம் ஒரு அம்மாவா” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். ஆயா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “இது ரெண்டாவது வூட்டு சோறு அவனுக்கு. நீதான் காலையிலேர்ந்து சாப்புடல. ஒக்காரு” என்றாள்.

அதற்குப் பிறகு மின்சாரம் வரும்வரை நான் நல்ல தாயா என்ற கேள்வி எனக்கு எழவே இல்லை. அதைக் கேட்டுக்கொள்ள நான் தனியாக இருக்கவில்லை. மின்சாரம் வந்தது, எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டோம், ஒரு மாதத்துக்குள் கேள்வியும் திரும்பி வந்துவிட்டது.

வேலையை விடுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விடாதீர்கள். நாளையிலிருந்து ஷூ மாட்டிவிட்டு வேன் ஏற்றுவது அவருடைய வேலை என்று மட்டும் இன்றிரவு உங்கள் கணவரிடம் சொல்லிவிடுங்கள்.