ஊசி போட்ட ராத்திரி என்ன செய்வது? – இளம் தாய்மார்களின் கேள்விகள்

கைக்குழந்தை பராமரிப்பு, தடுப்பூசி பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். குழந்தைநல மருத்துவரும் அனுபவமுள்ள கிராம சுகாதாரச் செவிலியரும் சேர்ந்து எழுதியவை இவை.

பாப்பாவுக்கு 45 நாள் ஊசி வருகிற புதன்கிழமை. பக்கத்து வீட்டுக் குழந்தை ஊசி போட்ட ராத்திரி விடிய விடிய அழுதது. நான் என்னென்ன தயார் செய்து வைக்க வேண்டும்? – வாசகி, பல்லடம்

முதலில் அன்று என்னென்ன போடுவார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றரை மாதத்தில் வாய்வழியாக இரண்டு: போலியோ சொட்டு, ரோட்டா வைரஸ் சொட்டு. ஊசி மூன்று: இடது தொடையில் ஐந்து நோய்களுக்கான பென்டா, வலது தொடையில் நிமோனியாவுக்கான பிசிவி, வலது மேல்கையில் தோலுக்குள் போடும் போலியோ ஊசி. இரண்டரை மாதத்தில் ஊசி ஒன்றுதான், பென்டா மட்டும். மூன்றரை மாதத்தில் மறுபடியும் மூன்று. இது தெரியாமல் போகிற அம்மாக்கள், மூன்றாவது ஊசியை எடுக்கும்போது பதறிப்போய்க் குழந்தையை இழுத்துக்கொள்கிறார்கள்.

தொடை முழுதும் தெரியும்படி தளர்வான உடை போட்டுப் போங்கள். சொட்டு மருந்துகளை முதலில் கொடுக்கச் சொல்லிவிட்டு, பிறகு குழந்தையை மார்போடு அணைத்துப் பால் கொடுக்கத் தொடங்குங்கள். நன்றாக உறிஞ்ச ஆரம்பித்தபின் ஊசி போட்டால் அழுகை வெகுவாகக் குறையும். மேஜையில் மல்லாக்கப் படுக்கவைத்து அழுத்திப் பிடிப்பதைவிட, மடியில் நிமிர்த்தி வைத்திருப்பது நல்லது. பிசிவி மற்றவற்றைவிட வலிக்கும், அதைக் கடைசியாகப் போடச் சொல்லலாம். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். கடுமையான ஒவ்வாமை மிக அரிது, வந்தாலும் பெரும்பாலும் அந்த அரை மணிக்குள்தான் வரும். அதற்கான மருந்து செவிலியரின் பெட்டியில் இருக்கும், உங்கள் வீட்டில் இருக்காது.

வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல், எரிச்சல், தொடையில் சிவப்பும் வீக்கமும் வரலாம். இது அன்றைக்கே தொடங்கி ஒன்றிரண்டு நாளில் அடங்கும். ஈரத்துணியை மடித்து ஊசி போட்ட இடத்தில் வைக்கலாம். தேய்ப்பது, சூடான ஒத்தடம், எண்ணெய் தடவி நீவுவது வேண்டாம். சின்ன உருண்டையாகக் கட்டி சில வாரம் இருந்தால் கவலை இல்லை, தானே கரையும். குளிப்பாட்டலாம். பால் வழக்கத்தைவிட அடிக்கடி கொடுங்கள்.

மூன்று மணி நேரத்துக்கு மேல் நிறுத்தவே முடியாத அழுகை, 102 டிகிரியைத் தாண்டும் காய்ச்சல், வலிப்பு, குழந்தை துவண்டு வெளிறிப்போவது, பால் குடிக்கவே மறுப்பது, இரண்டு நாள் கழித்தும் இறங்காத காய்ச்சல் – இவற்றில் எது இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

ஊசி காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் எத்தனை மி.லி. கொடுக்க வேண்டும்? ஆளுக்கு ஓர் அளவு சொல்கிறார்கள். – வாசகி, உசிலம்பட்டி

ஆளுக்கு ஓர் அளவு சொல்வதற்குக் காரணம், கடையில் இருப்பது ஒரே மருந்து அல்ல. ஒரு மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து ஒன்று. 5 மி.லி.யில் 125 மி.கி. (சிலவற்றில் 120) உள்ள சிரப் ஒன்று. 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப் இன்னொன்று. குழந்தைக்கு வேண்டியது எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. ஐந்து கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு அதிகபட்சம் 75 மி.கி. என்று வைத்துக்கொள்ளுங்கள். சொட்டு மருந்தில் அது முக்கால் மி.லி., 125 சிரப்பில் 3 மி.லி., 250 சிரப்பில் ஒன்றரை மி.லி.

ஆபத்து எங்கே என்றால், "மூணு மி.லி. குடு" என்று யாரோ சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு சொட்டு மருந்துப் புட்டியிலிருந்து மூன்று மி.லி. எடுப்பதில். அது 300 மி.கி., நான்கு மடங்கு. இப்படித் தவறுவது அரிதல்ல. அதனால் மி.லி. சொல்பவரிடம் எந்த மருந்தில் என்று கேளுங்கள். புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, அதனோடு வந்த குழாயிலேயே அளந்து கொடுங்கள். ஒரு புட்டியின் குழாயை இன்னொன்றுக்குப் பயன்படுத்த வேண்டாம், சமையல் கரண்டி வேண்டவே வேண்டாம்.

இரண்டு வேளைக்கு நடுவில் ஆறு மணி நேரம் இடைவெளி, ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் கூடாது. காய்ச்சலோ வலியோ வந்தபின் கொடுத்தால் போதும். ஊசிக்கு முன்பே 'முன்னெச்சரிக்கை'யாகக் கொடுக்கத் தேவையில்லை. ஒன்றரை மாதக் குழந்தைக்கு அளவைச் செவிலியரிடமோ மருத்துவரிடமோ எடையைச் சொல்லி, தடுப்பூசி அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஊசி போடாத நாளில் மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் அடித்தால் கதை வேறு. மருந்து கொடுத்து வீட்டில் பார்க்காமல், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பிறந்தவுடன் கையில் போட்ட ஊசி இப்போது சீழ் பிடித்துவிட்டது. மஞ்சள் அரைத்துப் போடலாமா? – வாசகி, அரக்கோணம்

வேண்டாம். அது பிசிஜி, காசநோய்க்கானது. போட்ட சில வாரத்தில் சின்னக் கொப்புளமாக எழும்பி, உடைந்து புண்ணாகி, ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் வடுவாக ஆறுவதுதான் அதன் இயல்பு. பிதுக்காதீர்கள், களிம்பு, பவுடர், மஞ்சள் எதுவும் போடாதீர்கள். தண்ணீர் படலாம். அக்குளில் நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டினால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். வடுவே விழவில்லை என்றாலும் மறுபடி போடத் தேவையில்லை.

பேத்தியை நான்தான் குளிப்பாட்டுகிறேன். காலில் போட்டு எண்ணெய் தேய்த்து, மூக்கை ஊதி, சளி எடுத்து, சாம்பிராணி காட்டுவேன். என் பிள்ளைகள் நான்கும் இப்படித்தான் வளர்ந்தார்கள். மருமகள் எதுவுமே கூடாது என்கிறாள். – ஒரு பாட்டி, ஸ்ரீவைகுண்டம்

மருமகள் சொல்வது முழுவதும் சரியல்ல, அம்மா. எண்ணெய் தேய்ப்பதும் வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டுவதும் குழந்தைக்கு நல்லது. தேங்காய் எண்ணெய் போதும். கடுகெண்ணெய் மென்தோலை உறுத்தும். காலில் போட்டுக் குளிப்பாட்டும் உங்கள் கை லாகவம் இந்தக் காலத்துப் பெண்களுக்கு எளிதில் வராது, அதை மருமகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். தலையில் நேராக ஊற்றாமல், முகத்தில் நீர் வழியாதபடி கையை அணைகட்டி ஊற்றுவீர்களே, அது மிகச் சரி.

ஆனால் சிலவற்றைக் கட்டாயம் விட்டுவிடுங்கள். மூக்கிலும் காதிலும் ஊதினால் பெரியவர்கள் வாயிலுள்ள கிருமி நேரே உள்ளே போகும். மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்கு இறங்கி, சாதாரண மருந்துக்குக் கேட்காத நிமோனியாவாக மாறும். தொண்டைக்குள் விரல்விட்டுச் சளி எடுப்பதில் அண்ணம் கிழிந்துவிடலாம். பிறந்த குழந்தையின் மார்பு சற்று வீங்கிப் பால் போலக் கசிவதுண்டு, ஆண் குழந்தைக்கும் வரும். தாயின் ஹார்மோன் குழந்தை உடலில் மிச்சம் இருப்பதால் வருவது அது, சில வாரத்தில் தானே வற்றிவிடும். அதைப் பிழிந்துவிடும் பழக்கம்தான் சீழ்க்கட்டியில் கொண்டுவிடுகிறது, கீறி எடுக்க வேண்டிய நிலைகூட வரும். சாம்பிராணிப் புகையைத் தாயின் கூந்தலுக்குக் குழந்தை இல்லாத அறையில் காட்டுங்கள். தொப்புள்கொடி விழும்வரை அதன்மேல் எண்ணெய், சாம்பல், பவுடர் எதுவும் வேண்டாம், உலர்வாக விட்டால் போதும்.

உரை மருந்தையும் ஆறு மாதம்வரை தள்ளிவையுங்கள். கல்லிலும் விரலிலும் உள்ள கிருமி வயிற்றுப்போக்கு தரும், ஜாதிக்காய் கூடினால் குழந்தை மந்தமாகித் தூங்கிக்கொண்டே இருக்கும். அந்தத் தூக்கத்தைச் சுகம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தேன் ஒரு வயதுவரை நாக்கில் தடவக்கூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து, பிஞ்சுக் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் விஷத்தை உண்டாக்கும். தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் ஆறு மாதம்வரை தேவையில்லை, பங்குனி வெயிலிலும்.

தட்டம்மை ஊசியால் ஆட்டிசம் வருகிறது என்று வாட்ஸ்அப்பில் தினமும் வருகிறது. ஒன்பதாம் மாத ஊசியைத் தள்ளிப்போடலாமா? அம்மை இயற்கையாகவே வந்துவிட்டுப் போகட்டும் என்கிறார் என் கணவர். – வாசகி, ஆம்பூர்

தள்ளிப்போடாதீர்கள். இந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று சொல்லிவிடுகிறோம். 1998ல் லண்டனில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்பவர் வெறும் 12 குழந்தைகளை வைத்து 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் தகவல்கள் திரிக்கப்பட்டிருந்தது தெரியவந்து, 2010ல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு அவருடைய பெயர் பிரிட்டன் மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்து 2019ல் வெளியான ஆய்வில், ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வித்தியாசமே இல்லை.

பிறகு ஏன் பெற்றோருக்கு அப்படித் தோன்றுகிறது? ஆட்டிசத்தின் அறிகுறிகள் வீட்டாருக்குத் தெளிவாகத் தெரியத் தொடங்குவது ஒன்றேகால் வயது, ஒன்றரை வயது வாக்கில். இரண்டாம் தட்டம்மை ஊசியும் 16ஆம் மாதத்தில்தான் வருகிறது. ஒன்றுக்குப் பின் இன்னொன்று வந்ததால் முதலாவதுதான் காரணம் என்று மனம் முடிச்சுப் போட்டுவிடுகிறது. அந்தத் தாய்மார்களின் வேதனை உண்மையானது. காரணம்தான் அதுவல்ல.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயதுவரை தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோதும் இதே மாதிரி வதந்தி கிளம்பியது. வீட்டு வாசலில் நின்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் பொறுமையாகப் பதில் சொன்னவர்கள் கிராம சுகாதாரச் செவிலியர்கள்தான்.

இயற்கையாக வரட்டும் என்பது பற்றி: தட்டம்மை, அதாவது மணல்வாரி, வெறும் தடிப்போடு போவதில்லை. நிமோனியா, காதில் சீழ், வைட்டமின் ஏ குறைந்த குழந்தைக்குக் கண்பார்வை இழப்பு வரை போகும். உடல் அதுவரை சேர்த்துவைத்த பிற நோய் எதிர்ப்பையும் அழித்துவிடுவதால், அம்மை இறங்கிய பிறகும் மாதக்கணக்கில் குழந்தை வேறு நோய்களுக்கு எளிதில் ஆட்படும். மிக அரிதாக, பல ஆண்டு கழித்து மூளையைத் தாக்கி உயிரைப் பறிக்கிறது. ஒரு நோயாளியிடமிருந்து எதிர்ப்பில்லாத 12 முதல் 18 பேருக்குப் பரவக்கூடியது. இதே ஊசி தடுக்கும் இன்னொரு நோயான ரூபெல்லா பிள்ளைக்கு லேசாகத்தான் வரும், ஆனால் அதைக் கர்ப்பிணி ஒருவர் வாங்கிக்கொண்டால் வயிற்றிலுள்ள சிசுவுக்குக் கண்புரை, செவிட்டுத்தன்மை, இதயக்கோளாறு வரும். ஆண் பிள்ளைகளுக்கும் போடுவது அதனால்தான்.

இந்த ஊசிக்குக் காய்ச்சல் உடனே வராது. ஏழாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் லேசான காய்ச்சலும் மெல்லிய தடிப்பும் சிலருக்கு வரும், இரண்டு மூன்று நாளில் போய்விடும்.

சொந்த ஊருக்குப் போய்விட்டதால் முதல் தவணையோடு நின்றுவிட்டது. மகனுக்கு ஐந்து மாதம். மறுபடி முதலிலிருந்து போட வேண்டுமா? – வாசகி, திட்டக்குடி

வேண்டாம். போட்டது வீணாகாது, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இப்போது போனவுடன் பென்டா, போலியோ சொட்டு, ரோட்டா ஆகியவற்றின் இரண்டாம் தவணை. பிசிவியும் தோலுக்குள் போடும் போலியோ ஊசியும் எட்டு வார இடைவெளி கடந்துவிட்டதால் அவற்றின் இரண்டாவதையும் அன்றே போடலாம். நான்கு வாரம் கழித்து பென்டா, போலியோ சொட்டு, ரோட்டாவின் மூன்றாம் தவணை. ஒன்பதாம் மாத ஊசியை இதற்காகத் தள்ளக் கூடாது.

மகளுக்கு மூக்கொழுகல், லேசான இருமல். ஊசி போடலாமா? – வாசகி, ஓமலூர்

போடலாம். சளி, லேசான காய்ச்சல், சாதாரண வயிற்றுப்போக்கு, ஆன்டிபயாடிக் சாப்பிடுவது எதுவும் தடையில்லை. மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு உடம்பு சரியில்லை என்றால் மட்டும் தள்ளிவைக்க வேண்டும்.

தனியார் மருத்துவமனையில் 'வலியில்லாத ஊசி' என்று ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். அரசு ஊசி மட்டமா? – வாசகி, அம்பத்தூர்

மட்டமில்லை. முக்கிய வித்தியாசம் கக்குவான் இருமலுக்கான பகுதியில். அரசு பென்டாவில் முழுக் கிருமியைக் கொன்று சேர்க்கிறார்கள், அதனால் காய்ச்சலும் வீக்கமும் கூடுதல். விலை கூடியதில் கிருமியின் சில துணுக்குகள் மட்டும் இருக்கும். வலி குறைவு, ஆனால் அதன் பாதுகாப்பு சீக்கிரம் தேய்கிறது. இரண்டும் ஏற்கத்தக்கவை. ஒரு ராத்திரிக் காய்ச்சலுக்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து. பென்டாவை நாட்டிலேயே முதலில் 2011 டிசம்பரில் தொடங்கியவை கேரளமும் தமிழ்நாடும்தான்.

தரம் பார்க்க வேண்டுமென்றால் குப்பியைக் காட்டச் சொல்லுங்கள். அதில் ஒரு வட்டமும் அதற்குள் சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து வெப்பத்தில் கெடவில்லை. இரண்டும் ஒரே நிறமானால் போடக் கூடாது. தட்டம்மை, பிசிஜி குப்பிகளைக் கரைத்தால் நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். கரைத்த நேரம் குப்பிமேல் எழுதியிருக்கிறதா என்று கேட்பதில் தவறே இல்லை.

கையில் பணம் இருந்தால், அரசுப் பட்டியலில் இல்லாத டைபாய்டு, ஃப்ளூ, சின்னம்மை ஊசிகளைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

வைட்டமின் டி சொட்டு ஒரு மி.லி. கொடுக்கச் சொன்னார்கள். கடைக்காரர் வேறு புட்டி கொடுத்துவிட்டார். – வாசகி, போடி

ஒரு வயதுவரை தினம் 400 ஐ.யு. (சர்வதேச அலகு) போதும். ஒரு மி.லி.யில் 400 உள்ளதும் உண்டு, 800 உள்ளதும் உண்டு. 800 என்று இருந்தால் அரை மி.லி. அதைவிட அடர்த்தியானது என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு, மருத்துவர் எழுதியதையே வாங்குங்கள்.

ஒன்பதாம் மாதத்தோடு எல்லா ஊசியும் முடிந்துவிட்டதா? – வாசகி, மணப்பாறை

முடியவில்லை. 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாம் தட்டம்மை-ரூபெல்லா, டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ்) ஊக்க ஊசி, போலியோ சொட்டு உண்டு. மூளைக்காய்ச்சல் ஊசி சில மாவட்டங்களில் மட்டும். 5 வயதில் டிபிடி மறுபடியும், 10லும் 16லும் டிடி (டெட்டனஸ், தொண்டை அடைப்பான்). குழந்தை நடக்கத் தொடங்கியதும் விட்டுப்போவது இந்த 16ஆம் மாத ஊசிதான். ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மை ஊசி போட்ட குழந்தைகளில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு எதிர்ப்பு சரியாக உண்டாவதில்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் அப்போதும் மிச்சமிருப்பது ஒரு காரணம். அந்தப் பிள்ளைகளைக் காப்பது இரண்டாம் தவணை. ஒன்பதாம் மாதம் தொடங்கி ஆறு மாதத்துக்கு ஒருமுறை 5 வயதுவரை வைட்டமின் ஏ திரவமும் கேட்டு வாங்குங்கள். முதல் வேளை 1 மி.லி., அடுத்தடுத்து 2 மி.லி. அட்டையின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்துக் கணவர் செல்போனிலும் ஒரு பிரதி வையுங்கள். ஊர் மாறினால் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அதைக் காட்டி இலவசமாகவே தொடரலாம்.