ஏடும் கல்லும் பிடிஎஃப்பும்: திருமலை வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பழந்தமிழ் நூல், சாசனம், பழைய நாவல், வரலாற்று மூலம் ஆகியவற்றை இணையத்தில் எங்கே, எப்படித் தேடுவது என்று திருகோணமலைப் பக்கத்து வாசகர்கள் கேட்டு அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். சோதிட ஏடு, சாதி வரலாறு பற்றிய கேள்விகளை எடுக்கவில்லை. அவை என் துறை அல்ல.

உவர்மலையிலிருந்து ஒரு ரீச்சர்: சம்பந்தரின் கோணமாமலைப் பதிகத்தை உயர்தர வகுப்புக்குக் கொடுக்க வேண்டும். இணையத்தில் எடுத்த இரண்டு பிரதிகளிலும் முதலடியே வேறு வேறாக இருக்கிறது. எதைக் கொடுப்பது?

ரீச்சர், இரண்டும் சரிதான். ஒன்றில் "நிரைகழ லரவஞ் சிலம்பொலி யலம்பும்" என்றிருக்கும். அது சீர் பிரித்தது. மற்றதில் "நிரைகழல் அரவம் சிலம்பொலி அலம்பும்" என்றிருக்கும். அது சொல் பிரித்தது. ஓசையைப் படிப்பிக்கும்போது முதலாவதையும், பொருள் சொல்லும்போது இரண்டாவதையும் கொடுங்கள். இரண்டையும் அருகருகே கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகளுக்குப் புணர்ச்சி இலக்கணமும் அதிலேயே வந்துவிடும்.

பதிகம் மூன்றாம் திருமுறையில் 123ஆவது. புதுச்சேரியில் உள்ள இரண்டு பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் 2007இல் வெளியிட்ட மின்தேவாரத்தில் தலத்தின் பெயரால் தேடலாம். தேவாரத்துக்கு நான் முதலில் போகும் இடம் அதுதான், ஏனென்றால் எந்த அடிப்படையில் பாடம் தந்திருக்கிறார்கள் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலான பக்தித் தளங்கள் அதைச் சொல்வதில்லை. யாரோ தட்டச்சு செய்ததை இன்னொருவர் நகல் எடுத்து, அதை மூன்றாமவர் நகல் எடுத்துப் போட்டிருப்பார். முதலாமவர் விட்ட எழுத்துப்பிழை மூன்று தளத்திலும் அப்படியே இருக்கும். மூன்று தளம் ஒத்துப்போகிறது என்பதற்காக அது சரியென்று எடுத்துவிடாதீர்கள்.

எல்லாருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: தட்டச்சுப் பிரதி தேடுவதற்கு. மேற்கோள் காட்டுவதற்கு அச்சுப் பக்கத்தின் படத்தைப் பாருங்கள். எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு, எத்தனையாம் பக்கம் என்று கொப்பியில் எழுதி வையுங்கள்.

பாலையூற்று: சங்க இலக்கியம் முழுவதும் ஒரே பிடிஎஃப்பாகக் கிடைக்குமா?

ஒரே கோப்பைத் தேடாதீர்கள். வாசிக்க, பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் தரும் மதுரைத் திட்டம், பழைய அச்சுப் பதிப்புகளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். இரண்டும் இலவசம்.

மட்டிக்களியிலிருந்து ஒரு மாணவி: மதுரைத் திட்டத்துக் கோப்புகளை இறக்கி வைத்திருக்கிறேன். இருக்கிறது என்று தெரிந்த சொல்லைத் தேடினாலும் "இல்லை" என்று வருகிறது. ஔவையார் பெயரே சில கோப்புகளில் அகப்படவில்லை.

நல்ல கேள்வி தங்கச்சி. எத்தனையோ ஆய்வேடுகள் இதைக் கவனிக்காமல் "இந்நூலில் இச்சொல் இல்லை" என்று எழுதிவிடுகின்றன.

முதலாவது, ஔ. யூனிகோட்டில் அது ஒரே எழுத்து. தட்டச்சு செய்யும் பலர் ஒ போட்டுப் பக்கத்தில் ள போடுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடுபொறிக்கு வேறு வேறு. மௌனம், கௌதமன் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். இரண்டு விதமாகவும் தேடுங்கள்.

இரண்டாவது, துணைக்காலும் ரகரமும். படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் மென்பொருள் இந்த இரண்டையும் அடிக்கடி மாற்றிவிடும். "காலம்" அங்கே "கரலம்" ஆகியிருக்கும். பழைய அச்சில் லை, ணை, னை ஆகியவற்றுக்குத் தும்பிக்கை வைத்த வடிவம் இருக்கும். றா, ணா, னா ஆகியவற்றுக்குச் சுழித்த வடிவம். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வரும்வரை அச்சான நூல்களில் இவை நிறைய. மென்பொருள் அங்கேயும் தடுமாறும்.

மூன்றாவது, ரீச்சருக்குச் சொன்ன புணர்ச்சி. "அரவம்" என்று தேடினால் "லரவஞ்" அகப்படாது. சொல்லின் முதலெழுத்தையும் கடைசி எழுத்தையும் விட்டுவிட்டு நடுத்துண்டை மட்டும் தேடுங்கள். "ரவ" என்று கொடுத்தால் வேண்டாததும் வரும், பரவாயில்லை. வேண்டாததைத் தள்ளலாம். வராததை எப்படி அறிவது?

சொற்பொருளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, வின்சுலோவின் 1862ஆம் ஆண்டு அகராதி, பெப்ரீசியசின் அகராதி மூன்றையும் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் தேடலாம். நம் பக்கத்துச் சொல் பேரகராதியில் இல்லாவிட்டால் வின்சுலோவைப் பாருங்கள். அந்த அகராதி யாழ்ப்பாணத்தில் தொடங்கிய வேலை.

சாம்பல்தீவு: நல்ல தமிழ் பிடிஎஃப் தளங்களின் லிங்க் எல்லாம் அனுப்ப முடியுமா?

என்ன வாசிக்கப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள், அதற்குரியதைச் சொல்கிறேன்.

லிங்கநகர்: கோட்டை வாசல் கல்வெட்டில் உள்ள பாட்டை முழுமையாகக் கட்டுரையில் சேர்க்கிறேன், சரியா என்று பாருங்கள்: "முன்னே குளக்கோட்டன் மூட்டுந் திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிப்பானே மன்னாகேள் பூனைக்கண் செங்கண் புகைக்கண்ணன் ஆண்டபின் மானே வடுகாய் விடும்."

தம்பி, பாட்டு நம் ஊர் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்த மன்னன் குளக்கோட்டன், பறங்கி என்பது போர்த்துக்கேயர். ஆனால் "கல்வெட்டில் உள்ள பாட்டு" என்று எழுதாதீர்கள். பிரெட்ரிக் கோட்டை வாசல் நிலையில் இருக்கும் கல் சிதைந்தது. அதில் மீன் சின்னம் தெரிகிறது, தமிழெழுத்து தெரிகிறது. வெளிவந்த வாசிப்புகளில் "முன்னே குள", "திருப்பணியை", "பறங்கி" என்ற இடங்கள் நிற்கின்றன. அதற்குப் பிறகு வாசிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. பூனைக்கண்ணும் செங்கண்ணும் புகைக்கண்ணும் வாய்மொழியாகவும் ஏட்டு வழியாகவும் வந்த வெண்பாவுக்கு உரியவை. கட்டுரையில் இரண்டையும் தனித்தனியாகக் காட்டுங்கள்: இது கல்லில் வாசிக்கப்பட்டது, இது மரபில் வழங்குவது.

அன்புவழிபுரத்திலிருந்து ஓர் ஐயா: இதை ஏற்க மாட்டேன். சின்ன வயதில் என் தகப்பனார் அந்த வாசலில் நிறுத்தி முழுப் பாட்டையும் வாசித்துக் காட்டினார். கல் அப்போது இவ்வளவு தேயவில்லை.

ஐயா, உங்கள் தகப்பனார் சொன்னதை நான் மறுக்கவில்லை. பாட்டு மனப்பாடமாக உள்ள ஒருவர் கல்லின் முன் நின்றால் முதல் இரண்டு சொல் தெரிந்ததும் மிச்சம் தானாக வாயில் வரும். சாசனம் வாசிப்பவர்கள் எல்லாரும் இதற்குப் பயப்படுவார்கள். தெரிந்த பாட்டோடு கல்லுக்குப் போனால் கல் அந்தப் பாட்டைத்தான் சொல்லும். அதனால்தான் பதிப்பாளர்கள் சிதைந்த எழுத்தை அடைப்புக்குள் போட்டு, ஊகத்தை ஊகமென்று காட்டுகிறார்கள்.

நிலாவெளி: எங்கள் வீட்டில் "மானே" இல்லை, "தானே வடுகாய் விடும்" என்றுதான் சொல்வார்கள். "ஆண்டபின்" இல்லை, "போனபின்". லிங்கநகர்த் தம்பியின் பாட்டு பிழை.

லிங்கநகர்: பிழை இல்லை. நான் அச்சுப் புத்தகத்தில் பார்த்துத்தான் எழுதினேன்.

அன்புவழிபுரம் ஐயா: "பிரிப்பானே" என்பதையே சிலர் "பிடிக்கவே" என்கிறார்கள். அதையும் கேட்டுச் சொல்லுங்கள்.

மூன்று பேரும் எனக்குப் பெரிய உதவி செய்திருக்கிறீர்கள். ஒரே ஊருக்குள் மூன்று பாடம் வந்துவிட்டது. இதைத்தான் பாடபேதம் என்கிறோம். எது பிழை என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன் எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். யார் சொன்னது, எந்த ஊர், வாய்மொழியா அச்சா, அச்சென்றால் எந்தப் புத்தகம் எந்தப் பக்கம் என்று குறியுங்கள். "பிரிப்பானே" என்றால் கோயிலைப் பிரித்துக் கல்லைக் கொண்டுபோனதைச் சொல்கிறது. "பிடிக்கவே" என்றால் பொருள் வேறு. ஒரு சொல் மாறினால் பாட்டு சொல்லும் வரலாறு மாறிவிடும். போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அந்தக் கற்களைக் கோட்டைக்குப் பாவித்தது பாட்டை நம்பி நிற்கும் செய்தி அல்ல, அதற்கு வேறு ஆதாரங்கள் உண்டு. ஆகவே பாட்டில் எந்தப் பாடம் வந்தாலும் அந்த உண்மை போய்விடாது. யாரும் கோபப்பட வேண்டாம்.

கல்லைப் படமெடுக்க நினைப்பவர்களுக்கு: உச்சி வெயிலில் போகாதீர்கள். காலையிலோ மாலையிலோ வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது வெட்டின் விளிம்பில் நிழல் நிற்கும், அப்போதுதான் எழுத்து தெரியும். அது கிடைக்காவிட்டால் போன் டோர்ச்சைக் கல்லுக்கு ஒட்டினாற்போல் பக்கத்தில் பிடியுங்கள். சோக்குக்கட்டி, எண்ணெய், மாவு எதையும் பூசாதீர்கள். அடுத்து வருபவர் உங்கள் சோக்குக் கோட்டைத்தான் வாசிப்பார். கோட்டைக்குள் இராணுவ முகாம் இருப்பதால் கேட்டுவிட்டு எடுங்கள்.

அதே பொருளில், ஆலங்கேணி: கோணேசர் கல்வெட்டு என்ற கல் எந்த இடத்தில் இருக்கிறது?

அது கல் அல்ல. பாட்டும் உரைநடையும் கலந்த ஏட்டு நூல். கவிராசவரோதயன் பெயரில் வழங்குவது. ஈழத்து நூல்களைப் படமாக்கி வைத்திருக்கும் நூலகம் என்ற இணையத்தளத்தில் தேடுங்கள். கல்லிலே உள்ளது வேண்டுமென்றால் நிலாவெளி, கந்தளாய், மானாங்கேணி, பெரியகுளம் சாசனங்களைப் பாருங்கள். ஆ. வேலுப்பிள்ளை 1970களின் தொடக்கத்தில் வெளியிட்ட இலங்கைத் தமிழ்ச் சாசனத் தொகுதிகளும் சி. பத்மநாதனின் "இலங்கைத் தமிழ்ச் சாசனங்கள்" நூலும் உங்களுக்கு வேண்டியவை.

கிண்ணியா: இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கு இணையத்தில் மூலம் கிடைக்குமா? எங்கள் பிள்ளைகள் சீறாப்புராணத்தில் இரண்டு பாட்டோடு நின்றுவிடுகிறார்கள்.

கிடைக்கும். உமறுப் புலவரின் சீறாப்புராணம் மதுரைத் திட்டத்தில் பகுதி பகுதியாக இருக்கிறது. ஆனால் அதில் தொடங்க வேண்டாம். 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் பாடிய ஆயிரம் மசலாவிலிருந்து தொடங்குங்கள். கேள்வியும் பதிலுமாகப் போகும் நூல் என்பதால் பிள்ளைகள் விடாமல் வாசிப்பார்கள். வரலாறு முழுவதற்கும் ம. மு. உவைசும் அஜ்மல்கானும் சேர்ந்து எழுதிய "இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு" பல தொகுதிகளாக இருக்கிறது. கிழக்கு மாகாணத்துப் புலவர்களின் சிறு நூல்களுக்கும் விழா மலர்களுக்கும் நூலகம் தளம்தான் வழி. மலர்களை அலட்சியம் செய்யாதீர்கள். பள்ளிவாசல் மலர், பாடசாலை மலர் ஆகியவற்றில்தான் வேறெங்கும் அச்சாகாத பாட்டுகள் ஒளிந்திருக்கின்றன.

பாலையூற்று மீண்டும்: சங்க இலக்கியம் ஒரே பிடிஎஃப்…

மேலே சொல்லிவிட்டேன்.

வளாக மாணவர்: பழைய உரோம எழுத்தாளர் பிளினி, இலங்கையிலிருந்து உரோமுக்குத் தூதர்கள் போனதாகச் சொல்கிறாராம். தமிழ்க் கட்டுரைகளில் மட்டும் பார்த்தேன். மூலத்தை எங்கே பார்ப்பது?

மூலத்தைத் தேடுகிறீர்களே, அதுவே பெரிய சந்தோசம். "இயற்கை வரலாறு" என்ற அவர் நூலின் ஆறாம் புத்தகத்தில் தப்ரபேன், அதாவது இலங்கை, பற்றிய பகுதி. பெர்சியசு என்ற அமெரிக்கப் பல்கலைக்கழகத் தளத்தில் இலத்தீன் மூலமும் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பும் இருக்கின்றன. இலத்தீன் தெரியாவிட்டாலும் சொல்லின் மேல் அழுத்தினால் இலக்கணக் குறிப்பு வரும். கிளாடியசு மன்னன் காலத்தில் நான்கு தூதர்கள் போனார்கள், தலைவன் பெயர் ராக்கியாசு என்கிறார் பிளினி. அந்தப் பெயரை வைத்துப் பலரும் பலதையும் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் முதலில் பிளினி சொன்னதை மட்டும் எழுதுங்கள், ஊகங்களை அடுத்த பந்தியில் பெயர் சொல்லி எழுதுங்கள். எரித்திரியக் கடற் பயணம் என்ற பழைய கிரேக்க வணிக வழிகாட்டிக்கு 1912இல் வந்த சோஃப் என்பவரின் மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசம், அதனால் எல்லாரும் அதையே எடுக்கிறார்கள். 1989இல் காசன் வெளியிட்ட பதிப்பு அதைவிட நம்பத்தக்கது, நூல்நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

பழைய ஆய்விதழ்களுக்கு ஜேஸ்டோரில் இலவசக் கணக்கு திறந்தால் மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு கட்டுரைகளைத் திரையில் வாசிக்கலாம்.

தம்பலகாமம்: ஒரு தற்கால நாவலின் பிடிஎஃப் வேண்டும். எழுத்தாளர் உயிரோடு இருக்கிறார்.

வாங்கி வாசியுங்கள்.

உப்புவெளி: மோகனாங்கியை ஆராய்கிறேன். எந்தப் பிரதியை எடுப்பது?

நம் ஊர்க்காரர் த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் சென்னையில் வெளியிட்டது மோகனாங்கி. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று பலரும் சொல்வது இதைத்தான். அவர் பதிப்பாசிரியர் தி. த. கனகசுந்தரம்பிள்ளையின் தம்பி. இந்த நாவலைச் சுருக்கிச் "சொக்கநாத நாயக்கர்" என்ற பெயரிலும் வெளியிட்டார்கள். கையில் உள்ளது முழு நாவலா சுருக்கமா என்று பார்க்காமல் நடையைப் பற்றி ஒரு வரியும் எழுதாதீர்கள். தலைப்புப் பக்கம், முகவுரை இரண்டையும் முதலில் பாருங்கள். நூலகம் தளத்தில் தேடும்போது "மோகனாங்கி" கிடைக்காவிட்டால் ஆசிரியர் பெயரால் தேடுங்கள், பெயரைச் சேர்த்தும் பிரித்தும் கொடுங்கள்.

கண்டதும் உங்கள் கணினியில் இறக்கி வையுங்கள். பிரித்தானிய நூலகத் தளம் 2023 அக்டோபரில் தாக்கப்பட்டபோது மாதக்கணக்கில் பல ஆவணங்களைப் பார்க்க முடியவில்லை. அடுத்த ஆண்டு அக்டோபரில் இணைய ஆவணக் காப்பகமான ஆர்க்கைவ் தளமும் சில நாள் படுத்தது. ஆய்வேடு ஒப்படைக்கும் கிழமையில் அது நடந்தால் யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

சாம்பல்தீவு: இரண்டு தளம் சொன்னாலும் போதும்.

நூலகம். மதுரைத் திட்டம்.

வெருகல்: அம்மப்பா வைத்திருந்த ஓலைக்கட்டு இரண்டு இருக்கிறது. ஒன்று வைத்தியம், மற்றது பாட்டுப்போல இருக்கிறது. எப்படி இணையத்தில் ஏற்றுவது?

அண்ணை, ஏற்றுவது கடைசி வேலை. இப்போதைக்குக் கயிற்றை அவிழ்க்காதீர்கள். ஓலை வரிசை குலைந்தால் பிறகு சேர்ப்பது மிகக் கடினம். ஒட்டியிருக்கும் ஓலையை இழுக்காதீர்கள், தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள். கட்டை அப்படியே ஓர் அளவுகோலோடு நான்கு பக்கமும் படமெடுங்கள். மேல் ஓலையை மட்டும் கிட்ட வைத்து, டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து எடுங்கள். ஓலையில் புள்ளி இருக்காது, ரகரமும் துணைக்காலும் ஒரே கோடுதான், அதனால் வாசிக்க முடியவில்லை என்று கவலைப்படாதீர்கள். யாருடையது, எந்த வீட்டில் எவ்வளவு காலமாக இருக்கிறது, அம்மப்பா அதிலிருந்து எதையாவது பாடிக் கேட்டவர்கள் இருக்கிறார்களா என்று இப்போதே எழுதி வையுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்கள் குரலைப் போனில் பதிவு செய்யுங்கள்.

வெருகல் சித்திரவேலாயுதர் மேல் தம்பலகாமம் வீரக்கோன் முதலியார் பாடிய காதல் பிரபந்தம் உண்டு. இரண்டாவது கட்டில் முருகன் பெயரோ வெருகல் பெயரோ கண்ணில் பட்டால் அந்த ஓலையின் படத்தை முதலில் அனுப்புங்கள், அச்சுப் பதிப்போடு ஒத்துப் பார்க்கலாம். ஏற்றுவதற்கு நூலக நிறுவனத்தாரின் ஆவணகம் தளம் இருக்கிறது. ஓலை உங்கள் வீட்டிலேயே இருக்கலாம், படம் மட்டும் போனால் போதும். கட்டை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் ஏறாத, கறையான் வராத உயரத்தில் வையுங்கள். பொலித்தீன் பையில் கட்ட வேண்டாம்.