திருப்பூர் சாயத்தண்ணீரும் தள்ளிப்போகும் கெடுக்களும்: கேள்வி பதில்

மாசு உண்டாக்கும் தொழில்களில் அரசு விதி மாறும்போது புதிய தொழில்நுட்பம் வளருமா, முடங்குமா? சாயக்கழிவு நீர் சுத்திகரிப்புத் துறைப் பொறியாளர் ஒருவர் பதில் சொல்கிறார்.

விதியைக் கடுமையாக்கினால் ஆலைகள் புதிதாக யோசிக்கும் என்கிறார்களே, நம் பக்கம் உதாரணம் உண்டா? (கல்லூரி மாணவி, கோவை)

திருப்பூர்தான் உதாரணம். பாசனத்துக்காக நொய்யல் ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கியது. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்று 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகும் அவகாசம் மேல் அவகாசம். கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன.

அப்புறம் நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். ஆர்.ஓ. என்னும் சவ்வு வடிகட்டி வைத்துத் தண்ணீரைப் பிரிக்க முன்பே தெரியும். மிஞ்சும் உப்புக் கரைசல்தான் சிக்கல். அத்தனையையும் எவாப்பரேட்டரில், அதாவது தண்ணீரை ஆவியாக்கும் கருவியில், காய்ச்சினால் நீராவிச் செலவு கட்டுபடியாகாது. பல பட்டறைகள் சேர்ந்து நடத்தும் அருள்புரம் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் அந்தக் கரைசலையே சுத்தப்படுத்தி மறுபடி சாயமேற்றப் பயன்படுத்திக் காட்டினார்கள். பருத்தித் துணியில் சாயம் ஏற எப்படியும் உப்பு வேண்டும். காசு கொடுத்து வாங்கிய உப்பைக் காசு கொடுத்தே காய்ச்சிக்கொண்டிருந்த நிலை அதோடு மாறியது. இந்த வேலையை என் துறையின் பெரிய சாதனையாக மதிக்கிறேன்.

அப்போ எங்களை மூடியது சரிங்கறீங்களா? வேலையில்லாமல் எத்தனை குடும்பம் ஊருக்குத் திரும்பியது தெரியுமா? (சாயப்பட்டறை உரிமையாளர், திருப்பூர்)

இல்லைங்க. மூடும் நிலைக்கு விட்டதுதான் தவறு. கெடுவை நம்பிக் கடன் வாங்கிச் சுத்திகரிப்புப் பிளான்ட் போட்டவருக்குத் துணி கிலோவுக்கு இவ்வளவு என்று கூடுதல் செலவு. பக்கத்தில் ஆற்றில் திறந்துவிட்டவர் குறைந்த கூலிக்கு ஜாப் ஒர்க் எடுத்தார். கெடு ஒவ்வொரு முறை தள்ளிப்போனபோதும் முதலில் செய்தவருக்கே நஷ்டம். மூடிய பிறகு மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. விதியோடு சேர்ந்தே அது வந்திருந்தால் பாதி வேதனை மிச்சமாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்ற இந்த விதி நாடு முழுக்க உண்டா? (பனியன் ஏற்றுமதியாளர்)

2015-ல் மத்திய அரசு ஜவுளித் தொழிலுக்கு அப்படி ஒரு வரைவு வெளியிட்டது. 2016-ல் வந்த இறுதி அறிவிக்கையில் எல்லோருக்கும் கட்டாயம் என்பது போய்விட்டது. வேறு மாநிலத்தில் இருக்கும் உங்கள் போட்டியாளருக்கு இல்லாத செலவு உங்களுக்கு இருக்கிறது. உங்கள் மனக்குறை நியாயமானது.

அனல் மின் நிலையங்களில் கந்தக வாயுவை அகற்றும் கருவிகள் என்ன ஆயின? (ஓய்வு பெற்ற மின்வாரியப் பொறியாளர்)

உங்களுக்கே தெரிந்திருக்கும் சார், வருத்தமான கதை. 2015 டிசம்பரில் விதி வந்தது, இரண்டு வருடக் கெடு. பிறகு 2022, அதற்கும் பிறகு என்று பலமுறை நீட்டித்தார்கள். 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தக வரம்பிலிருந்தே விலக்கு கொடுத்துவிட்டார்கள். நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு, செலவு அதிகம் என்பது அரசு சொன்ன காரணம். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் அதைப் பத்து வருடம் கழித்தா சொல்வது? அதற்குள் 537 மின் உற்பத்தி யூனிட்களில் 39-ல்தான் கருவி பொருத்தியிருந்தார்கள். விதியை நம்பி அதைப் பொருத்தியவர்களும், உதிரிபாகம் செய்ய இங்கே முதல் போட்டவர்களும் அடுத்த விதியை நம்புவார்களா?

வேறு நாடு எங்காவது ஒழுங்காகச் செய்ததா? (கல்லூரி ஆசிரியர்)

இதே கருவிக்குச் சீனாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 1.5 ஃபென் கூடுதல் விலை கொடுத்தார்கள். ஃபென் என்பது யுவானில் நூறில் ஒரு பங்கு. பெயருக்குப் பொருத்திவிட்டு ஓட்டாமல் வைத்தவர்களும் அங்கே இருந்தார்கள். 2007 விதிகளில், ஓடாத நேரத்துக்கு வாங்கிய பணத்தைப் பிடுங்கி அபராதமும் போட்டார்கள். புகைபோக்கியிலேயே அளவுமானி இருந்ததால் ஏமாற்றுவது கடினமானது.

சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். இப்போது எதில் முதல் போடலாம்? (பெருந்துறை)

முதலில் துணியைத் துவைக்கும் தண்ணீரைக் குறையுங்கள். குறைந்த தண்ணீரில் ஓடும் மெஷின், குறைந்த உப்பில் ஏறும் சாயம் இரண்டும் எந்த விதி வந்தாலும் போனாலும் லாபம்தான். எவாப்பரேட்டரில் கடைசியாக மிஞ்சும் கலவை உப்புக்கு இன்னும் நல்ல வழி கிடைக்கவில்லை. சாக்கு சாக்காகக் கிடங்கில் கிடக்கிறது. அதைப் பிரித்தெடுக்க யாராவது சோதனை ஓட்டம் நடத்தினால், உங்கள் பொது நிலையத்தைச் சேரச் சொல்லிச் சங்கத்தில் பேசுங்கள்.