மலாவிக்குப் போகும் பொறியாளருக்கு ஏன் பெயின்ட் அடிக்கும் வேலை?

ஆப்பிரிக்க நாடான மலாவிக்குத் தன்னார்வ வேலைக்குப் போக ஒரு அமைப்புக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள். அந்த விண்ணப்பத்தில் "இயந்திரப் பொறியாளர், எந்த உதவிக்கும் தயார்" என்பதை எடுத்துவிட்டு, "கைபம்பு பழுதுபார்ப்பு, பயிற்சி" என்று போடுங்கள். மலாவி கிராமங்களில் பரவலாக இருப்பது ஆஃப்ரிடெவ் என்ற வகைக் கைபம்பு; அதன் பெயரையும் சேருங்கள். பொதுவாக எழுதியதால்தான் பள்ளிச் சுவருக்குப் பெயின்ட் அடிக்க அனுப்பப் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

சரி என்பதற்கு முன் அந்த அமைப்பிடம் கேளுங்கள்: உதவி கேட்டது யார், கிராமத் தண்ணீர்க் குழுவா, மாவட்ட நீர் அலுவலகமா? பம்பில் போனது என்ன, சீலா, தண்டா, குழாயா? பதில் வரவில்லையென்றால் வேறு இடம் பாருங்கள்.

ஒன்று மட்டும். அங்கே கூலிக்குப் பம்பு சரிசெய்யும் உள்ளூர் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். நீங்கள் இலவசமாகக் கழற்றி மாட்டினால் அவர்கள் பிழைப்பில் கை வைத்ததாகிவிடும். அவர்களோடு சேர்ந்து வேலை செய்யுங்கள். உதிரிபாகம் எந்த இடத்தில் தடைபடுகிறது என்று தேடிப் பிடியுங்கள், உங்கள் அனுபவம் அதற்குத்தான் தேவை.