ஐரேசிங் என்ற கணினி கார் ரேஸ் விளையாட்டில் பிட் ஸ்டாப்பின்போது (ரேஸின் நடுவே பாதையோரம் நிறுத்தும்போது) எவ்வளவு பெட்ரோல் போடுவது?

டேங்கை நிரப்பிவிட்டால் பயமில்லை என்றுதான் புதிதாக ஓட்டுபவர்கள் நினைப்பார்கள். ஆனால் பெட்ரோல் ஒரு லிட்டர் முக்கால் கிலோ. தேவைக்கு மேல் 20 லிட்டர் போட்டால் 15 கிலோ கூடுதல் சுமை. அதை ஏற்றும் வரை பிட்டில் நிற்கவும் வேண்டும்.

அதனால் பிராக்டீஸில் சில சுற்றுகள் ரேஸ் வேகத்தில் ஓட்டி, ஒரு சுற்றுக்கு எவ்வளவு செலவாகிறது என்று பாருங்கள். 3 லிட்டர் என்று வையுங்கள். பிட்டுக்குள் வரும்போது 16 சுற்று பாக்கி என்றால் 48 லிட்டர் வேண்டும். டேங்கில் 5 இருக்கிறது, ஆக 43. அதோடு ஒரு சுற்றுக்கான 3 லிட்டரைச் சேர்த்து 46 போடுங்கள். இந்தக் கூடுதலை விட்டுவிடாதீர்கள். நேரக் கணக்கில் நடக்கும் ரேஸில், முதலில் ஓடுபவர் சில நொடி மிச்சமிருக்கும்போது கோட்டைத் தாண்டினால் எல்லோருக்கும் இன்னொரு சுற்று வந்துவிடும்.

அப்புறம், திரையில் பெட்ரோல் அளவுக்கான பெட்டியில் நீங்கள் குறிப்பது சேர்க்க வேண்டிய அளவு, மொத்த அளவு அல்ல. பிட் சந்துக்குள் நுழைவதற்கு முன்பே, நேரான பாதையில் அதை மாற்றிவிடுங்கள். ஏறி முடிவதற்குள் கிளம்பினால் அதுவரை ஏறியது மட்டும்தான்.

கடைசியில் கொஞ்சம் குறைகிறதா? வளைவுக்கு முன் சற்று சீக்கிரமே ஆக்ஸிலரேட்டரை விட்டு உருளவிடுங்கள். முன்னால் போகும் காரின் காற்றுமறைவில் ஓடினாலும் மிச்சமாகும்.