எந்தப் பக்கம் என்று ஏன் எல்லோரும் கேட்கிறார்கள்?

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. விவசாயக் கூலி. இடது பக்க அடிவயிற்றில் ஹெர்னியா (குடலிறக்கம்). சில வருடங்களாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார், பீடியும் உண்டு. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் அடுத்த மாதம் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். எங்கள் தெருக்காரர் ஒருவர் அங்கே இதே ஆபரேஷனுக்குப் போனபோது துணைக்கு இருந்தேன். வார்டில் நர்ஸ், தியேட்டர் வாசலில் இன்னொருவர், பிறகு மயக்க டாக்டர் என்று ஆளாளுக்கு "உங்க பேர் என்ன, என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம்" என்று அவரையே கேட்டார்கள். கேஸ் ஷீட்டில் இருப்பதைக்கூடப் பார்க்காதவர்களை நம்பி அப்பாவை எப்படி உள்ளே அனுப்புவது? வட்டிக்கு வாங்கியாவது தனியாருக்குப் போகலாம் என்கிறார்கள் சொந்தக்காரர்கள்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: கேஸ் ஷீட்டைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருப்பார்கள். கேட்காமல் உள்ளே தள்ளிக்கொண்டு போகும் இடத்தைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

ஹெர்னியாவில் இது மிக முக்கியம். அப்பா நிற்கும்போதும் இருமும்போதும் துருத்திக்கொண்டு தெரியும் அந்தப் புடைப்பு, மல்லாந்து படுத்தால் பெரும்பாலும் உள்ளே போய்விடும். முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போய், பச்சைத் துணி போர்த்தி, கையகலத் தோல் மட்டும் வெளியே தெரியும் நேரத்தில் இடது எது, ஹெர்னியா எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. அதனால்தான் நோயாளி விழித்திருக்கும்போதே, நிற்கவைத்துப் பார்த்து, கத்தி பிடிக்கப்போகும் மருத்துவரே அந்தப் பக்கம் தோலில் மார்க்கரால் குறி போட வேண்டும். குளிக்கும்போது அதைத் தேய்த்து அழித்துவிட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். குறி போடவில்லையென்றால், "சார், எந்தப் பக்கம்னு மார்க் பண்ணிடுங்க" என்று அவரே கேட்கலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கேட்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. "நீங்கதானே முருகேசன்?" என்றால், காது மந்தமானவரும் பதற்றத்தில் இருப்பவரும் எதற்கும் "ஆமாங்க" என்பார்கள். "உங்க பேர் என்ன?" என்றால் அவர் வாயிலிருந்தே வர வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் இதை 19 அம்சங்கள் கொண்ட ஒரு பக்கப் பட்டியலாக்கியது. மயக்க மருந்து கொடுக்கும் முன், தோலைக் கீறும் முன், தியேட்டரை விட்டு வெளியே கொண்டுவரும் முன் என்று மூன்று இடங்களில் எல்லோரும் நின்று, வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். ஆள் சரியா, பக்கம் சரியா, எந்த மருந்தாவது ஒவ்வாதா, கிருமிக்கான ஊசி கீறலுக்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் போட்டாயிற்றா, பஞ்சும் ஊசியும் கணக்குச் சரியா. டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதைச் சோதித்த ஆய்வு 2009இல் வந்தது. அறுவைக்குப் பிந்தைய மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும் குறைந்திருந்தன. இன்னொரு பக்கமும் உண்டு. கனடாவின் ஒன்டாரியோவில் எல்லா மருத்துவமனைகளும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று ஆணையிட்ட பிறகு வந்த 2014 ஆய்வில் சொல்லிக்கொள்ளும்படி முன்னேற்றம் தெரியவில்லை. காகிதத்தில் டிக் அடிப்பது வேறு, நின்று கேட்பது வேறு என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். உங்கள் தெருக்காரரிடம் நின்று கேட்டிருக்கிறார்கள்.

தனியாருக்குப் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பில் பெரிதானால் பாதுகாப்பும் கூடும் என்று கணக்குப் போடாதீர்கள். சில சிறிய நர்சிங் ஹோம்களில் மயக்க டாக்டர் வெளியிலிருந்து வந்து, கேஸ் முடிந்ததும் அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுவார். ராத்திரி ரத்த அழுத்தம் இறங்கினால் யார் வருவார்கள் என்று எங்கே சேர்த்தாலும் கேளுங்கள். உலகம் முழுவதும் அறுவைச் சிகிச்சைக்கும் மயக்க மருந்துக்கும் பணம் கட்டியே ஆண்டுக்கு 3.3 கோடிப் பேர் தாங்க முடியாத செலவில் சிக்குகிறார்கள் என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2015இல் கணக்கிட்டது. கூலிக்குப் போகிறவர் ஹெர்னியாவுக்குப் பிறகு சில வாரம் பாரம் தூக்க முடியாது. வருமானம் இல்லாத அந்த நாட்களிலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். தனியார்தான் என்று முடிவானால்கூட முதலில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையில் எடுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கான திட்டம் அது. இந்த ஆபரேஷன் அதில் வருமா, எந்த மருத்துவமனையில் வரும் என்பதை மாவட்டத் தலைமை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

எனக்குக் கவலை வேறிடத்தில். டாக்டர் முன்னால் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு "நீங்க பாத்துச் செய்யுங்க சாமி" என்று நிற்பவர்களிடம் டாக்டர்களான நாங்கள் குறைவாகப் பேசுகிறோம். அவர்களும் குறைவாகச் சொல்கிறார்கள். படித்தவர் ஒவ்வாமையையும் பழைய ஆபரேஷனையும் கேட்காமலே சொல்லிவிடுகிறார். தியேட்டருக்குள் நீங்கள் போக முடியாது, அப்பாதான் பேசியாக வேண்டும். பெயர், இடது பக்கம், ஒவ்வாத மருந்து, கட்டுப்பல் இருந்தால் அது என்று வீட்டிலேயே சொல்லிப் பழக்குங்கள். சம்மதப் படிவத்தில் கைநாட்டு வைப்பவராக இருந்தால், அதைத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பலவீனமான இடத்தைத் தாங்க உள்ளே வலை (மெஷ்) வைப்பார்களா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி வீட்டில் செய்ய வேண்டியவை. பீடியை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். நான்கு வாரம் முன்பே விட்டால் புண் சீக்கிரம் ஆறும், நுரையீரல் தொல்லையும் குறையும். ஹெர்னியா மறுபடி வருவதற்கு இருமலும் ஒரு காரணம். சர்க்கரை மாத்திரை அட்டைகளை அப்படியே எடுத்துப்போய் மயக்க டாக்டரிடம் காட்டுங்கள், 'சர்க்கரை மாத்திரை' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை என்றால் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தாமல் பட்டினி கிடந்தால், சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரல் சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். சர்க்கரை அதிகம் என்று ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் அலைக்கழிக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள், புண்ணில் சீழ் பிடிக்கக் கூடாதே என்றுதான் தள்ளுகிறார்கள்.

முதல் நாள் சலூனுக்குக் கூட்டிப்போய் மழித்துவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. வேண்டாம். பிளேடு போடும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறும். தேவைப்பட்டால் மருத்துவமனையில் கிளிப்பரால் வெட்டிக்கொள்வார்கள். சோப்புப் போட்டுக் குளித்தால் போதும்.

தேதி வரும்வரை ஒன்றை மட்டும் கவனியுங்கள். புடைப்பு திடீரென்று கெட்டியாகி, தொட்டால் வலித்து, படுத்தாலும் உள்ளே போகாமல், வாந்தியும் வந்தால் குடல் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். எண்ணெய் தேய்ப்பது, அழுத்தித் தள்ளுவது எதுவும் கூடாது. குடிக்கவும் எதுவும் கொடுக்காமல் உடனே 108ஐக் கூப்பிட்டுவிடுங்கள். ராத்திரி ஒரு மணியானாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.