இரகசியம் என்று முடிவு செய்வது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அரசின் கோப்புகளை எவரும் பார்க்கலாம் என்றால் நாட்டின் பாதுகாப்பு என்னாவது? நாமே வாக்களித்து அமர்த்திய அரசு ஒன்றை இரகசியம் என்று சொன்னால், அதை நம்புவதுதானே முறை?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

படைகளின் நகர்வு, நடந்துகொண்டிருக்கும் புலனாய்வு, துப்புக் கொடுத்தவரின் பெயர் முதலியவை மறைக்கப்படத்தான் வேண்டும். அதில் நமக்குள் வழக்கில்லை. அந்த மறைப்பு தேவைதானா என்பதை மறைப்பவரே முடிவு செய்யக்கூடாது என்பதுதான் என் வாதம்.

அமெரிக்காவின் ரெனால்ட்ஸ் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1948 அக்டோபரில் ஜார்ஜியா மாநிலத்தில் பி-29 படை விமானம் ஒன்று விழுந்து நொறுங்கியபோது, மின்னணுக் கருவிகளின் சோதனைக்காக அதில் சென்ற, படையைச் சேராத வல்லுநர்களில் மூவரும் இறந்தனர். அந்த மூவரின் மனைவியர் இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்து விபத்து விசாரணை அறிக்கையைக் கேட்க, நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி அரசு மறுத்தது. நீதிபதி மட்டுமாவது படித்துப் பார்க்கட்டும் என்ற கீழமை நீதிமன்றத்தின் ஆணைக்கும் அது பணியவில்லை. 1953 இல் உச்ச நீதிமன்றம், அறிக்கையைப் பார்க்காமலேயே, அரசின் சொல்லை ஏற்றுக்கொண்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, இரகசியம் நீக்கப்பட்ட அந்த அறிக்கை இறந்தவர் ஒருவரின் மகளின் கைக்குக் கிடைத்தது. சோதனைக் கருவிகளின் நுட்பத்தைப் பற்றி அதில் சொல்லும்படியாக ஒன்றுமில்லை. இயந்திரத்தில் தீப்பற்றாமல் தடுக்கும் வெப்பக் கவசங்களைப் பொருத்தும்படி இடப்பட்டிருந்த ஆணை அந்த விமானத்தில் நிறைவேற்றப்படவில்லை என்பது இருந்தது. விமானத்தின் செயற்பாடு பற்றிய விவரங்களேகூட அன்று மறைக்கத்தக்கவையாக இருந்திருக்கலாம் என்று கூறி, குடும்பத்தார் மீண்டும் தொடுத்த வழக்கை 2005 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்க மறுத்தது. எனக்கு அது வலிந்து தேடிய விளக்கமாகவே படுகிறது.

அரசுக்குக் கெட்ட எண்ணம் இருந்தது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. தன் பிழையும் நாட்டின் பாதுகாப்பும் ஒரே கோப்பில் கிடக்கையில், அதிகாரிக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கும் அவசியம் எழாது.

நீங்கள் சொல்லும் வாக்கும் இங்கேதான் இடறுகிறது. அமர்த்தப்பட்டவரை நீக்குவதற்கும் அதே வாக்குதான் உண்டு. அதற்கு அவர் செய்தது தெரிந்திருக்க வேண்டும். 1766 இலேயே அரசு ஆவணங்களைக் குடிமக்களுக்குத் திறந்துவிட்ட ஸ்வீடனில், இரகசியங்கள் இன்றும் இருக்கின்றன. ஆனால் மறுக்கும் அலுவலகம் எந்தச் சட்டப்பிரிவின்படி மறுக்கிறது என்று காட்ட வேண்டும். கேட்டவர் அதை எதிர்த்து நீதிமன்றத்தில் முறையிடலாம். அந்த விதவையரின் வழக்கில் கீழமை நீதிமன்றம் கேட்டதும், மறைப்பவரல்லாத ஒருவர் பார்த்து முடிவு செய்யட்டும் என்பதைத்தான்.